காஷ்மீர் ஏரிகள் நடைப்பயணம்: மழைக்குள் ஏழு நாள் நடந்தாலும் தூக்கப்பை நனையாமல் காப்பது எப்படி?

காஷ்மீரின் சோனமர்க்கில் தொடங்கி நாராநாக் கிராமத்தில் முடியும் ஏரிவழி நடைப்பயணத்தை நான் இரண்டு முறை மேற்கொண்டிருக்கிறேன். முதல் முறை விஷன்சர் ஏரிக்கரையில், பிழிந்தால் நீர் சொட்டும் தூக்கப்பையை (உள்ளே புகுந்து படுத்துறங்கும் ஸ்லீப்பிங் பேக்) மூலையில் சுருட்டி வைத்துவிட்டு, இருந்த துணிகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு, உட்கார்ந்தபடியே ஓர் இரவைக் கழித்தேன். மறு ஆண்டு அதைவிடக் கூடுதலாகவே மழை பெய்தது. ஆனாலும் கூடாரத்தில் கழித்த ஆறு இரவுகளும் நன்றாகத் தூங்கினேன். இரண்டு பயணங்களுக்கும் இடையில் நான் மாற்றிக்கொண்டவை சிலவே. இதுவரை மலையில் கூடாரமடித்துத் தங்கியிராதவர்களுக்கு உதவும் என்பதால் அவற்றை நடைமுறை வரிசையில் எழுதுகிறேன். உடற்பயிற்சி, விமானச் சீட்டு, தங்கும் விடுதி ஆகியவற்றைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் வழியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

மொத்தத் தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சோனமர்க்கை ஒட்டிய ஷிட்கடியில் ஏறத் தொடங்கி, பைன் மரங்களையும் பூர்ஜ (பிர்ச்) மரங்களையும் கடந்து முதல் நாள் மாலை நிச்நய் புல்வெளியை அடைவோம். இரண்டாம் நாள் நிச்நய் கணவாயைத் தாண்டி விஷன்சர் ஏரிக்கு இறங்குவோம். மூன்றாம் நாளை அங்கேயே ஓய்வுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நான்காம் நாள் கிஷன்சர் ஏரியின் ஓரமாக ஏறி, ஏறத்தாழ 4,200 மீட்டர் உயரத்திலுள்ள காட்சர் கணவாயைக் கடந்து காட்சர் ஏரிப் பக்கம் இறங்குவோம். ஐந்தாம் நாள் சத்சர். ஆறாம் நாள் பாறைக்குவியல்களின் மேல் நடந்து ஸஜ் கணவாய் வழியாக, ஹர்முக் மலையின் அடியில் அருகருகே கிடக்கும் நந்த்கோல், கங்காபல் ஏரிகள். ஏழாம் நாள் நாராநாக்குக்கு இறக்கம். காஷ்மீரி மொழியில் ‘சர்’ என்றால் ஏரி, ‘காட்’ என்றால் மீன். இதைத் தெரிந்துகொண்டால் வழியிலுள்ள பெயர்களில் பாதி தாமாகவே மனத்தில் நின்றுவிடும்.

இந்த வழி எளிதா, கடினமா என்று கேட்பவர்களிடம் நான் ஓர் ஒப்பீட்டைச் சொல்வது வழக்கம். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடியின் உச்சி 2,695 மீட்டர். சோனமர்க்கில் நீங்கள் பேருந்தை விட்டு இறங்கும் இடமே ஏறத்தாழ அந்த உயரந்தான். வெள்ளியங்கிரி ஏறிய கால்களுக்கு இங்குள்ள ஏற்றம் பெரிய சோதனையாக இராது. மூச்சுக்கும் துணிமணிக்கும்தான் சோதனை.

பருவம், அனுமதி, தொடர்பு

ஜூலைத் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை இந்த வழியில் நடக்கலாம். ஜூலையில் போனால் கணவாய்களில் பனித்திட்டுகள் மிஞ்சியிருக்கும். ஆகஸ்டில் புல்வெளிகளில் பூக்கள் நிறைந்திருக்கும். செப்டம்பரில் வானம் தெளிந்தாலும் இரவில் நீர் உறையும். பீர் பஞ்சால் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் காஷ்மீரில் மழை குறைவு என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் அந்தத் தடுப்பை நம்பி மழைச்சட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பருவமழைக் காற்றும் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சியும் ஒரே நேரத்தில் சேர்ந்துகொண்டால் என்ன நடக்கும் என்பதை 2014 செப்டம்பர் வெள்ளத்தில் ஸ்ரீநகர் பார்த்தது. ‘பம்பாய் ஃபேஷனும் காஷ்மீர் மௌசமும் (வானிலையும்) எப்போது மாறும் என்று சொல்ல முடியாது’ என்பது அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும் பேச்சு. எங்கள் வழிகாட்டியான பெரியவர் அதை நாளுக்கு மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் பொருத்தமாகவே இருந்தது.

எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு தொலைவில் இல்லை. வழியிலுள்ள ராணுவ முகாம்களில் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் போக விடுவார்கள் என்பதால் அடையாள அட்டையின் மூலத்தையும் நான்கைந்து நகல்களையும் நனையாத உறையில் வைத்திருங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பின் காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் தற்காலிகமாக மூடப்பட்டன. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அந்த ஆண்டில் இந்த வழி திறந்திருக்கிறதா என்று உள்ளூர் நிர்வாகத்திடமோ பதிவுபெற்ற வழிகாட்டியிடமோ உறுதிசெய்துகொள்வது நல்லது. வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் சோனமர்க்கைத் தாண்டியபின் பயன்படாது. அதற்காகச் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். உரிய அனுமதியின்றி அதை வைத்திருப்பது இந்தியாவில் குற்றம்.

சோனமர்க்கில் இரண்டு இரவு தங்குங்கள்

3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட விதி. இந்த வழியிலோ முதல் நாளே 2,700 மீட்டரிலிருந்து 3,500 மீட்டருக்குப் போய்ப் படுக்கிறோம். ஆகவே, ஸ்ரீநகரிலிருந்து வந்த மறுநாளே ஏறத் தொடங்காமல், ஒரு பகல் தாஜிவாஸ் பனியாற்றுப் பக்கம் மெதுவாக ஏறி இறங்கிவிட்டு இரண்டாவது இரவையும் சோனமர்க்கிலேயே கழியுங்கள். விஷன்சரில் ஓய்வு நாள் வைப்பதற்கும் பாதிக் காரணம் இதுதான். உயரத்துக்கு உடம்பு பழகாமல் தலைவலியோடு குமட்டலோ தள்ளாட்டமோ சேர்ந்துகொண்டால் அதற்குமேல் ஏறாமல் இறங்கிவிட வேண்டும். விஷன்சர் வரை வந்த வழியே திரும்பிவிடுவது எளிது. காட்சர் கணவாயைக் கடந்துவிட்டால் முன்னே போனாலும் பின்னே போனாலும் தொலைவு அதிகம் என்பதால், உடம்பு சரியில்லை என்பதை விஷன்சரிலேயே வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். இதற்கு மாத்திரை எடுப்பதைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடன் வருபவரின் மாத்திரையைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள்.

உடுப்பதைப் பற்றிச் சில பிடிவாதங்கள்

பருத்தி வேண்டாம்; பனியன்கூட வேண்டாம். நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் காயாது. உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்து போவதற்கு உறைபனி தேவையில்லை. எட்டுப் பத்துப் பாகை (டிகிரி செல்சியஸ்) வெப்பத்தில் நனைந்த துணியோடு காற்றில் நின்றாலே போதும்.

மழைக்கு நான் இரண்டு பொருள்கள் எடுத்துப் போகிறேன். கணவாய்க்கு, தலைமூடியுள்ள மழைச்சட்டை. காற்றில்லாத புல்வெளி மழைக்கு, ஊரில் வாங்கிய சாதாரண நீளக் கம்பிக் குடை. குடையைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அரை நாள் கழிந்தபின், மழைச்சட்டைக்குள் வேர்வையில் ஊறிக்கொண்டிருந்த அதே ஆட்கள் என் குடைக்குள் ஒண்டிக்கொண்டு வந்தார்கள். இடி இடிக்கும்போதும் கணவாயிலும் மட்டும் அதை விரிக்கக் கூடாது. தலைவழியே மாட்டிப் போர்த்திக்கொள்ளும் போஞ்சோவை நான் பரிந்துரைப்பதில்லை. காற்று வீசினால் அது முகத்தில் அடித்துப் பாதம் வைக்கும் இடத்தை மறைத்துவிடும்.

காலணியைப் பொறுத்தவரை, நீர்புகாதது என்று சொல்லி விற்கப்படுவதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. மேற்பக்கத்திலிருந்து ஒரு முறை நீர் புகுந்துவிட்டால் அது வெளியேறவும் முடியாமல் உள்ளேயே தங்கிவிடும். கணுக்காலைத் தாங்கும் உயரமும் சேற்றில் வழுக்காத அடிப்பாகமும்தான் முக்கியம்.

என்னைக் கவிழ்த்த இடம்: பையை அடுக்குதல்

இந்தப் படிக்காகவே இக்கட்டுரையை எழுதத் தொடங்கினேன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதல் பயணத்தில் என் பைக்கு மேலே தரமான மழையுறை போட்டிருந்தேன். நிச்நய் கணவாயிலிருந்து இறங்கும்போது தொடங்கிய மழை விஷன்சர் வரை நான்கு மணி நேரம் விடவில்லை. கூடாரத்துக்குள் வந்து பார்த்தபோது மழையுறையின் வெளிப்பக்கம் நீர் முத்துமுத்தாக உருண்டு நின்றது. நாம் கொடுத்த காசுக்கு நல்ல வேலை செய்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். உறையைக் கழற்றியதும் அதன் அடிப்பகுதியில் இரண்டு டம்ளர் தண்ணீராவது தேங்கியிருந்தது தெரிந்தது. மழையுறை முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. தலையிலும் கழுத்திலும் விழும் மழை முதுகுக்கும் பைக்கும் இடையில் வழிந்து கீழே இறங்கி, உறையின் அடியில் ஒரு கிண்ணத்தில் சேர்வதுபோல் சேருகிறது. அந்தக் கிண்ணத்தில்தான் பையின் அடிப்பாகம் மணிக்கணக்கில் ஊறுகிறது. அந்த அடிப்பாகத்தில்தான், எல்லோரும் சொல்லிக்கொடுத்தபடி, நான் தூக்கப்பையை வைத்திருந்தேன். அதன் கால்மாட்டை எடுத்துப் பிழிந்தபோது விரலிடுக்கில் நீர் ஓடியது. உள்ளிருந்த இறகு முழுவதும் நனைந்த கோழியைப்போல் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டு, துணிக்கு இந்தப் பக்கம் வைத்த கை அந்தப் பக்கம் தெரியும் அளவுக்கு மற்ற இடமெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. வழிகாட்டிப் பெரியவர் ஒன்றும் பேசாமல் தம்முடைய கம்பளியைக் கொண்டுவந்து போர்த்திவிட்டுப் போனார். அந்தக் கம்பளியும், கொதிநீர் ஊற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்ட எவர்சில்வர் புட்டியும் இல்லாவிட்டால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று தெரியவில்லை.

தீர்வுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. பையின் வெளியே உறை போடுவதைவிட உள்ளே உறை போட வேண்டும். உர மூட்டைக்குள் உள்ளுறையாக வரும் தடித்த பாலித்தீன் பை கிடைத்தால் நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் பெரிய அளவுக் குப்பைப் பைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வெறும் முதுகுப்பைக்குள் அதைத் திறந்து விரித்து, வாய்ப்பக்கம் ஒரு முழமாவது வெளியே தொங்கும்படி விடுங்கள். உள்ளே முதலில் தூக்கப்பை, அதன்மேல் இரவுத் துணி, அதன்மேல் கம்பளிச் சட்டை. பிறகு முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, பாலித்தீனின் வாயைக் கயிறு திரிப்பதுபோல் முறுக்கி, முறுக்கியதை இரண்டாக மடித்து ரப்பர் வளையம் போடுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், குளிரில் விறைத்த விரலால் அதை அவிழ்க்க முடியாமல் கத்தியைத் தேடுவீர்கள். கூடாரம், மழைச்சட்டை, சமையல் பொருள்கள் போன்று நனையக்கூடிய, நனைந்தாலும் பாதகமில்லாத எல்லாம் அந்த முறுக்குக்கு மேலே அல்லது வெளியே வர வேண்டும். பகலில் எந்தக் காரணத்துக்காகவும் அந்த முறுக்கை அவிழ்க்கக் கூடாது. மழையில் நின்றுகொண்டு ஒரு முறை அவிழ்த்துவிட்டால் அன்று முழுவதும் செய்த வேலை வீணாகிவிடும்.

இதைச் சோதித்துப் பார்க்காமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள். முழுதாக அடுக்கிய பையைக் குளியலறையில் ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நிறுத்திவைத்து, பிறகு திறந்து, உள்ளே வைத்த செய்தித்தாள் நனைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நான் அப்படி நிறுத்தியிருந்தபோது எட்டிப் பார்த்த அம்மா, “ஏன்டா, பைக்கு எண்ணெய் தேய்ச்சுவிட மறந்துட்டியே?” என்றார். முதல் சோதனையில் செய்தித்தாள் நனைந்திருந்தது. முறுக்கு போதாமல் இருந்திருக்கிறது. இரண்டாம் முறை நனையவில்லை.

அடுத்தது, உள்ளபடியே கடினமான பகுதி. இரவுத் துணி என்று ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு கம்பளிக் காலுறை மட்டும் ஒதுக்கி, அவற்றைக் கூடாரத்துக்குள் தூக்கப்பையில் மட்டுமே அணிய வேண்டும். காலையில் எழுந்ததும் உலர்ந்ததைக் கழற்றி உள்ளுறைக்குள் வைத்துவிட்டு, நேற்று நனைந்து சில்லிட்டுக் கிடக்கும் துணியை மறுபடியும் மாட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடம் பல் கிட்டிப்போகும். நடக்கத் தொடங்கியதும் உடம்புச் சூட்டில் சரியாகிவிடும். ‘இன்று மழை வராது போலிருக்கிறதே’ என்று உலர்ந்ததையே போட்டுக்கொண்டு கிளம்பியவர்களை இரண்டு பயணங்களிலும் பார்த்தேன். பிற்பகலுக்குள் அவர்களிடம் உலர்ந்தது என்று எதுவுமே இருக்கவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போய்வந்த ஒருவர், எவர்சில்வர் டம்ளரின் விளிம்பு உரசி உள்ளுறை கிழிந்துவிட்டது என்று எழுதியிருந்தார். தவறு என்னுடையது, கூரான பொருளை உறைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று சொல்ல விட்டுவிட்டேன். அத்தகைய பொருள்களைத் துண்டில் சுற்றி மேலே வையுங்கள். கொஞ்சம் ஒட்டும் நாடாவைத் தண்ணீர்ப் புட்டியின்மேல் சுற்றி எடுத்துப் போங்கள். இன்னொருவர், ஜிப் வைத்த சிறு உறைகள் கணவாயில் சிப்ஸ் பொட்டலம்போல் உப்பித் திறந்துகொண்டன என்றார். சோனமர்க்குக்கும் காட்சர் கணவாய்க்கும் இடையில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவதால் உள்ளே சிக்கிய காற்று விரிகிறது. மூடும்போதே காற்றை நன்றாகப் பிதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கணவாய்களை முற்பகலுக்குள் கடங்கள்

மலையில் வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று மேலெழுந்து, நண்பகலுக்குப் பின் முகிலாகத் திரண்டு, இடியும் ஆலங்கட்டியுமாகக் கொட்டுவது வழக்கமான போக்கு. அதனால் கணவாய் நாள்களில் ஐந்தரை மணிக்குள் நடக்கத் தொடங்கி, பத்து மணியளவில் உச்சியில் இருந்து, பதினொன்றுக்குள் மறுபக்கம் நன்றாக இறங்கியிருக்க வேண்டும் என்று திட்டமிடுங்கள். காட்சர் கணவாயின் உச்சியில் நின்றால் விஷன்சரும் கிஷன்சரும் அடுத்தடுத்து ஒரே பார்வையில் தெரியும். படம் எடுக்கத்தான் தோன்றும், எடுத்துவிட்டு இறங்குங்கள். மறுபக்கத்துச் சரிவு ஈரமானால் வழுக்கும் மண். அங்கே ஒரு ஊன்றுகோல் போதாது, இரண்டு வேண்டும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலுள்ள நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. எண்ணிக்கை முப்பதை எட்டுவதற்குள் இடி கேட்டுவிட்டால் ஏற்றத்தைத் தொடராமல் தாழ்வான பகுதிக்கு வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே மறுபடி ஏற வேண்டும். ஊன்றுகோல், குடை ஆகியவற்றைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இருங்கள்; தனித்து நிற்கும் பாறைக்கு அடியில் ஒதுங்காதீர்கள்.

சோனமர்க்கை விடும் முன் ஸ்ரீநகர் வானிலை மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் கண்ணும் கைக்கடிகாரமும்தான் துணை. உயரம் காட்டும் கடிகாரம் காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைக் கணிக்கிறது என்பதால் அதை வேறு வகையிலும் பயன்படுத்தலாம். இரவு படுக்கும்போது அது காட்டும் உயரத்தைக் குறித்துவைத்து, அதே கூடாரத்தில் காலையில் பாருங்கள். நீங்கள் நகராமலேயே 40 மீட்டர் கூடியிருந்தால் காற்றழுத்தம் மூன்று ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கியிருக்கிறது என்று பொருள், மழை நெருங்குகிறது. விஷன்சரில் இரண்டாம் பயணத்தின்போது 50 மீட்டர் கூடியிருந்ததைப் பெரியவரிடம் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவேயில்லை. மேய்ப்பர்களின் ஆடுகள் நேற்று மாலையே சரிவைவிட்டுக் கீழே இறங்கிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். அன்று நாங்கள் கிளம்பவில்லை. ஓய்வு நாள் என்று ஒன்றைக் கையில் வைத்திருப்பதன் மீதிப் பாதிக் காரணம் இதுதான். அப்படி ஒரு நாள் இல்லாதவர்கள், திரும்பும் விமானத்தை நினைத்துக்கொண்டு, ஏறக்கூடாத காலையில் ஏறிவிடுகிறார்கள்.

ஓடைகள்

பாலமில்லாத ஓடைகளைக் காலையிலேயே கடப்பது நல்லது. பனி உருகும் நீர் பிற்பகலில் கூடும். மழை பெய்தால் இன்னும் கூடும். இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் கழற்றிவிட்டு இறங்குங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று, ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பக்கவாட்டில் நகருங்கள். வெறுங்காலோடு இறங்காதீர்கள், பட்டை வைத்த செருப்பு ஒரு ஜோடி போதும்.

கூடாரம் அடிக்கும் இடம்

ஏரிக்கரையிலேயே கூடாரம் அடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. குளிர்காற்று இரவில் கிண்ணத்தின் அடியில் தேங்குவதுபோல் ஏரிக்கரையில் தேங்கும். மூச்சின் ஈரமெல்லாம் கூடாரத்தின் உட்புறம் படிந்து விடியலில் முகத்தில் சொட்டும். நீரிலிருந்து அறுபது எழுபது மீட்டராவது தள்ளி, ஓர் ஆள் உயரமாவது மேலே, நீர் ஓடிய தடம் இல்லாத இடமாகப் பாருங்கள். ஏரிநீரும் மாசடையாது. கூடாரத்தின் தாழ்ந்த முனையைக் காற்றை நோக்கி வையுங்கள். ஆணி இறங்காத பாறை நிலத்தில் கயிற்றைக் கல்லைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் இன்னொரு பெரிய கல்லை ஏற்றுங்கள். மழை பெய்தாலும் காற்றோட்டத் திறப்பை மூடாதீர்கள். வெளிமழையைவிட உள்ளே படியும் ஈரந்தான் அதிகம் நனைக்கும். பக்கர்வால் மேய்ப்பர்களின் குடில்களுக்கு அருகில் இரவில் உலாவாதீர்கள். அவர்களுடைய நாய்கள் ஓநாயையும் கரடியையும் விரட்டப் பழகியவை, உங்களை வேறுபடுத்திப் பார்க்காது.

சமையல், குடிநீர்

விஷன்சரில் தண்ணீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும் என்பதால் அரிசி வேக நெடுநேரமாகும். குக்கரைச் சுமப்பதும் வீண். நம் ஊர் அவல்தான் இந்த உயரத்துக்கென்றே செய்த உணவு. கொதிநீர் ஊற்றி மூடிவைத்து, பருப்புப் பொடியும் நெய்யும் கலந்தால் ஐந்து நிமிடத்தில் இரவுச் சாப்பாடு. காலைக்குச் சத்துமாவுக் கஞ்சி. எரிவாயுக் குப்பியை விமானத்தில் எடுத்துப் போக முடியாது. ஸ்ரீநகரில் வாங்குங்கள், ஐசோபியூட்டேன் கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் பியூட்டேன் உறைநிலைக்கு அருகில் ஆவியாகாமல் அடுப்பு தேய்ந்து அணைந்துவிடும். எந்தக் குப்பியானாலும் காலையில் அடுப்பு மூட்டும் முன் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள்.

ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேலே ஆடு மேய்கிறது என்று எண்ணிக்கொண்டே குடியுங்கள். இந்த உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். குளோரின் மாத்திரை குளிர்நீரில் மெதுவாகவே வேலை செய்யும் என்பதால் உறையில் போட்டிருக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகக் காத்திருங்கள். வடிகட்டி வைத்திருப்பவர்கள் அதையும் இரவில் தூக்கப்பைக்குள் வையுங்கள்; உள்ளே நீர் உறைந்தால் அதன் நுண்துளைகள் பிளந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது.

கடைசி இறக்கமும் வீட்டு வேலையும்

கங்காபலிலிருந்து நாராநாக் வரை ஏறத்தாழ 1,300 மீட்டர் இறக்கம் ஒரே நாளில் வரும். முழங்காலுக்கு அன்றுதான் உண்மையான வேலை என்பதால் ஊன்றுகோல்களின் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலணியின் முனையில் விரல்கள் முட்டாதபடி அதன் கயிற்றைக் கணுக்காலில் இறுக்குங்கள். கீழே, எட்டாம் நூற்றாண்டு மன்னன் லலிதாதித்தனோடு தொடர்புபடுத்தப்படும் கற்கோயில்களின் சிதைவுகள் நிற்கின்றன. வண்டி ஏறும் அவசரத்தில் பலர் அவற்றைப் பாராமலே போய்விடுகிறார்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

வீடு திரும்பிய அன்றே பையைப் பிரித்துவிடுங்கள். தூக்கப்பையை நேர்வெயிலில் போடாமல் நிழலில், மின்விசிறிக்கு அடியில், இரண்டு நாளாவது விரித்துவைத்து, அவ்வப்போது உதறி, கட்டியாகச் சேர்ந்த இறகுகளை விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். காய்ந்த பின்னும் அதன் சிறிய உறைக்குள் அழுத்தித் திணிக்காமல், பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள். பாலித்தீன் உள்ளுறையைத் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடித்தால் ஓட்டை இருக்கும் இடம் தெரியும். என்னுடையதில் மூன்று இருந்தன; நாடா ஒட்டிக் கொடியில் போட்டிருக்கிறேன்.